செம்புக் காசும் கள்ளக் காசும்: பழைய பிரிட்டிஷ் சில்லறைகளைச் சேர்ப்பது

பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக பவுண்டுக்கு 240 பென்னி. பென்னியில் பாதி அரைப் பென்னி, கால் பங்கு ஃபார்திங். சந்தையிலும் சாராயக் கடையிலும் வாரக் கூலியிலும் கைமாறியவை இந்த மூன்றும்தான். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள மவுசு இவற்றுக்கு இல்லாததால், குறைந்த காசில் இன்றும் சேர்க்கத் தொடங்கலாம். ஆனால் எது விலை போகும், எது போகாது என்பதை இவற்றில் வயது தீர்மானிப்பதில்லை. 200 வருடத்துக் காசு ஒரு சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். 70 வருடத்துக் காசு ஒன்றுக்கு ஏலத்தில் அடிதடி நடக்கும். ஓர் எழுத்து, ஒரு புள்ளி, கடலின் மட்டம் இவைதான் வித்தியாசம். அதோடு, இந்தத் துறையில் கள்ளக் காசும் வரலாற்றின் ஒரு பகுதி. அதையே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அரசனின் நாணயச்சாலை செம்பைக் கையில் எடுத்தது தாமதமாகத்தான். செம்பு அரச மதிப்புக்குக் குறைவு என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. 1613இல் முதலாம் ஜேம்ஸ் ஃபார்திங் அடிக்கும் உரிமையை ஒரு பிரபுவுக்கு விட்டுக்கொடுத்தார். அந்தச் சன்னத் தகடுகளை மக்கள் விரும்பவில்லை. 1672இல் இரண்டாம் சார்லஸ் காலத்தில்தான் முறையான செம்பு அரைப் பென்னியும் ஃபார்திங்கும் வந்தன. பின்பக்கத்தில் ஈட்டியும் கேடயமுமாக உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா அப்போது வந்தவள்தான். அரசனின் கண் பட்ட பேரழகி ஃபிரான்சஸ் ஸ்டூவர்ட் அதற்கு மாதிரியாக இருந்தார் என்பார்கள்.

அடுத்து ஒரு வேண்டாத சோதனை. 1684 முதல் 1692 வரை இந்தக் காசுகளை ஈயத்தின் உறவான வெள்ளீயத்தில் அடித்தார்கள். கள்ளர்களைத் தடுக்க நடுவில் ஒரு செம்பு ஆணியை இறக்கினார்கள். வெள்ளீயம் காற்றுபட்டு அரித்துப் போனது. அதனால் இந்தக் காசுகளில் முகம் தெரியும்படி இருப்பது அரிது; இருந்தால் விலை எகிறும். தொடங்குகிறவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

உண்மையான விருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் இருக்கிறது. நாணயச்சாலை செம்பை ஒரு தொல்லையாகவே நினைத்தது. மூன்றாம் ஜார்ஜ் பெயரில் அரைப் பென்னிகள் 1770 முதல் 1775 வரை அடிக்கப்பட்டன. அதோடு வேலை நின்றுபோனது. அடுத்த இருபது வருடத்துக்கும் மேலாக அரசின் செம்புக் காசு வரவே இல்லை. தொழிற்சாலைகள் பெருகி, கூலி கொடுக்கச் சில்லறை இல்லாமல் முதலாளிகள் தவித்த காலம் அது. அந்த இடைவெளியைக் கள்ளர்கள் நிரப்பினார்கள்.

கள்ளர்களின் கணக்கு எளிமையானது. அசல் அரைப் பென்னி ஒரு ராத்தல் செம்புக்கு 46 வீதம் அடிக்கப்பட்டது. அதாவது ஒவ்வொன்றும் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே ராத்தலில் எழுபது எண்பது தகடு வெட்டினால், மிச்சமெல்லாம் லாபம். பர்மிங்காம் பொத்தான் பட்டறைகளில் அச்சும் அழுத்து இயந்திரமும் ஏற்கெனவே இருந்தன. கள்ளக் காசைத் தள்ளுபடி விலைக்கு மொத்தமாக வாங்கி, முழு மதிப்புக்குக் கூலியாகக் கொடுத்த முதலாளிகளும் உண்டு. சட்டமும் அவ்வளவாகக் கடிக்கவில்லை. தங்கம், வெள்ளியைப் போலியாக அடித்தால் தேசத் துரோகம், தூக்குமேடை. செம்பைப் போலியாக அடிப்பது 1771 வரை சிறு குற்றம் மட்டுமே. 1787இல் நாணயச்சாலை புழக்கத்திலிருந்த அரைப் பென்னிகளைச் சோதித்தபோது, ஓரளவுக்காவது அசலைப் போல இருந்தவை நூற்றுக்கு எட்டுதான். சுங்கச் சாவடிகளில் தனக்குக் கிடைக்கும் சில்லறையில் மூன்றில் இரண்டு பங்கு போலி என்று பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்ட்டன் புலம்பினார்.

இன்று அந்தக் கள்ளக் காசுகளைக் கண்டுபிடிக்கப் புத்தகம்கூட வேண்டாம். மூன்றாம் ஜார்ஜின் அரைப் பென்னியில் 1776, 1778, 1787 என்று ஆண்டு இருந்தால் அது கள்ளக் காசுதான். அந்த ஆண்டுகளில் நாணயச்சாலை புழக்கத்துக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. 1770 முதல் 1775க்குள் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது தராசு பேசும்: ஆறு, ஏழு கிராம் என்றால் சந்தேகமே வேண்டாம். அரசனின் முகம் சீக்காளியைப் போல இருக்கும், பிரிட்டானியாவின் கை முழங்காலுக்குக் கீழே தொங்கும், எழுத்துகள் கோணலாக நிற்கும். புதிதாக அடித்தது பளிச்சென்றிருந்தால் சந்தேகம் வரும் என்று, வேண்டுமென்றே ஆழமில்லாத அச்சில் அடித்து, தேய்ந்து பழசானதுபோல வெளியே விட்டார்கள். ஆகையால், தேய்ந்திருப்பதாகத் தோன்றும் ஒரு காசின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அது அன்றைய கள்ளனின் கைவேலை. அமெரிக்காவில் நியூபர்க் என்ற ஊரில் இருந்த மச்சின்ஸ் மில்ஸ் பட்டறையும் இதே அரைப் பென்னிகளைக் கள்ளத்தனமாக அடித்தது. அதன் காசுகளுக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அசலைவிட அதிக விலை கொடுக்கிறார்கள்.

இவற்றுக்குள் ஒரு குறும்புக்கார வகையும் உண்டு. அரசனின் பெயரை அப்படியே போட்டால்தானே குற்றம்? தலைப்பக்கத்தில் 'ஜார்ஜ் ரூல்ஸ்' என்றும் பின்பக்கத்தில் 'பிரிட்டன்ஸ் ஐல்ஸ்' என்றும் எழுத்தை மாற்றினால் சட்டம் என்ன செய்யும்? படிக்கத் தெரியாதவனுக்கு அது அரைப் பென்னி. நீதிபதிக்கு அது வெறும் பதக்கம். 'பானி கேர்ள்' என்று, அதாவது அழகுப் பெண் என்று, பிரிட்டானியாவின் பெயரையே மாற்றிய காசும் இருக்கிறது. சட்டத்துக்குத் தப்பும் இந்தக் காசுகளைத் தனியாகவே பட்டியலிட்டுச் சேர்க்கிறார்கள்.

கள்ளக் காசுக்கு எதிராக இரண்டு வழிகளில் பதில் வந்தது. ஒன்று, தனியார் டோக்கன். வேல்ஸில் ஆங்கிள்சீ தீவின் பாரிஸ் மலைச் செம்புச் சுரங்கம் 1787இல் தாடி வைத்த ட்ரூயிட் பூசாரியின் தலை போட்ட பென்னியை வெளியிட்டது. எடை சரியாக இருந்தது, மக்கள் நம்பினார்கள். உடனே ஊர் ஊராகக் கடைக்காரர்கள் டோக்கன் அடிக்கத் தொடங்கினார்கள். இது தனிக் கடல். இங்கே அதற்குள் இறங்க இடமில்லை.

இரண்டாவது பதில் போல்ட்டனிடமிருந்து வந்தது. பர்மிங்காம் அருகே சோஹோவில் நீராவி இயந்திரத்தால் இயங்கும் நாணயச்சாலையை அவர் நிறுவியிருந்தார். 1797இல் அரசு அவரிடம் பென்னியும் இரண்டு பென்னியும் அடிக்கக் கொடுத்தது. பென்னி ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராமுக்கு மேல். இரண்டு பென்னி அதைப்போல இரண்டு மடங்கு. கையில் வாங்கினால் காசு என்ற நினைப்பே வராது. 41 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன், சுற்றிலும் அகன்ற மேடான விளிம்பு. அந்த விளிம்பில் எழுத்துகள் புடைத்து நிற்காமல் உள்ளே குழிந்திருக்கும்; தேய்மானம் எழுத்தைத் தொடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. 'வண்டிச் சக்கரம்' என்று மக்கள் பெயர் வைத்ததில் வியப்பில்லை. செம்பின் விலை ஏறக்குறைய காசின் மதிப்பே இருந்ததால், எடை குறைக்காமல் கள்ளன் லாபம் பார்க்க முடியாது. குறைத்தால் உடனே தெரிந்துவிடும். சமையலறையில் எடைக்கல்லாகவும் பயன்பட்டதால், இன்று கிடைப்பவற்றில் பாதிக்கு விளிம்பில் அடி பட்டிருக்கும். விளிம்பு சேதமில்லாத இரண்டு பென்னி கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தாவது வாங்கலாம்.

செம்பு விலை ஏறியதும் இந்தத் திட்டம் ஆட்டம் கண்டது. உருக்கினால் லாபம் என்ற நிலை வந்தது. 1806இல் வந்த பென்னி ராத்தலுக்கு 24 வீதம், 19 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிட்டது. சோஹோ காசுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பட்டறை மூடப்பட்டபின் பழைய அச்சுகளை வாங்கிய டபிள்யூ. ஜே. டெய்லர் என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றைக் கொண்டு சேகரிப்பாளர்களுக்காகப் புதிதாக அடித்து விற்றார். அச்சு அசல், காசு அசலல்ல. இவற்றைப் போலி என்று சொல்வதும் தப்பு, முதல் காலத்துக் காசு என்று விற்பதும் தப்பு.

சோஹோவுக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்கான செம்புக் காசுகளை அங்கேதான் அடித்து வாங்கியது. அப்போது இங்கே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1803, 1808 ஆண்டுகள் பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1808 ஆண்டிட்ட காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு மதராஸுக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்டனர் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளைப் பெரும் அளவில் வெளியே எடுத்தார்கள். பீப்பாயின் நடுவில் இருந்தவை நேற்று அடித்ததுபோல. ஓரத்தில் இருந்தவை உப்புத் தின்றவை. சென்னைக்கு வந்து சேராத அந்தச் சென்னைக் காசுகள் பிரிட்டிஷ் வியாபாரிகளிடம் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

இலங்கைக்கும் இதே போன்ற ஓர் ஒட்டு உண்டு. பிரிட்டிஷ் பென்னி இலங்கையில் புழங்கியபோது அங்கே ஃபார்திங்கைவிடச் சிறிய சில்லறை தேவைப்பட்டது. அதற்காக 1828இல் அரை ஃபார்திங்கும், 1839இல் கால் ஃபார்திங்கும் வந்தன. கால் ஃபார்திங் என்றால் பவுண்டில் 3,840இல் ஒரு பங்கு, அகலம் 13.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. பிரிட்டன் அடித்த மிகச் சிறிய மதிப்புள்ள காசு இதுதான். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய பெட்டிகளைத் திறப்பவர்கள் இதைக் கண்டால் வீசிவிட வேண்டாம்.

விக்டோரியாவின் செம்புப் பென்னிகள் 1841 முதல் 1860 வரை வந்தன. வகைகளைத் தேடும் பழக்கம் இங்கே தொடங்குகிறது. 1841 பென்னியின் பின்பக்கத்தில் உள்ள சுருக்கெழுத்தில் 'ரெக்' என்பதற்குப் பிறகு முக்காற்புள்ளி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை, இருப்பதுதான் அரிது. 1850களில் பிரிட்டானியாவின் திரிசூலத்தில் அலங்கார வேலை உள்ளதும் இல்லாததும் கலந்து வரும். 1843, 1849 இரண்டும் குறைவாகவே கிடைக்கும் ஆண்டுகள். 1860இல் அடித்த செம்புப் பென்னி எல்லாவற்றிலும் அரிது; 59 என்ற எண்ணின் மேல் 60ஐ அடித்திருப்பார்கள்.

1860இல் செம்பு போய் வெண்கலம் வந்தது: நூற்றுக்கு 95 செம்பு, 4 வெள்ளீயம், 1 துத்தநாகம். காசு பாதியாக இளைத்தது. பென்னி 9.45 கிராம், அரைப் பென்னி 5.67, ஃபார்திங் 2.83. அரைப் பென்னியின் அகலம் சரியாக ஓர் அங்குலம். அளவுகோல் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கு அது உதவியது. தலைமுடியைக் கொண்டையாக முடிந்த இளம் விக்டோரியாவின் முகம் 1894 வரை நீடித்தது. இந்தக் கொண்டைப் பென்னிகள்தான் பிரிட்டிஷ் வெண்கலச் சேகரிப்பின் முதுகெலும்பு.

ஏன் இவற்றில் இவ்வளவு வகை? புதிய உலோகம் செம்பைவிடக் கடினம்; அச்சுகள் சீக்கிரம் உடைந்தன. உடைய உடைய வரைவைத் திருத்தித் திருத்திப் புது அச்சு செய்தார்கள். 1860 பென்னியில் மட்டும் ஓரத்தில் மணிகள் கோத்தது ஒன்று, பற்கள் வைத்தது ஒன்று. ஒரு பக்கம் மணி, மறுபக்கம் பல் என்று தவறிக் கலந்த கலப்புக் காசுகள் விலை மிக்கவை. அரைப் பென்னியில் அரசியின் தலைமாலையின் இலைகளையே எண்ணுகிறார்கள். 15 இலை ஒரு வகை, 16 இன்னொரு வகை. இலை எண்ணுவதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அச்சுக்கு அடையாளம் வைக்க 1863இல் சில பென்னிகளின் ஆண்டுக்கடியில் மிகச் சிறிய எண் போட்டார்கள். அது தேய்ந்த நிலையில் கிடைத்தாலும் பெரும் விலை.

வேலை தாங்காமல் நாணயச்சாலை பர்மிங்காமின் ஹீட்டன் பட்டறைக்கும் வேலை கொடுத்தது. அங்கே அடித்தவற்றில் 1874, 1875, 1876, 1881, 1882 ஆண்டுகளில் ஆண்டுக்கடியில் 'எச்' என்ற எழுத்து இருக்கும். 1912, 1918, 1919இல் அந்த எழுத்து ஆண்டுக்கு இடப்பக்கம் நகர்ந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளில் கிங்ஸ் நார்ட்டன் பட்டறையும் 'கே என்' என்ற எழுத்தோடு சேர்ந்துகொண்டது. 1875இல் 'எச்' இருப்பதுதான் அரிது. 1882இல் தலைகீழ்: எல்லாவற்றிலும் 'எச்' இருக்கும், இல்லாததற்குத்தான் பொன்விலை. இணையத்தில் 'எச் இல்லாத 1882' என்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை எழுத்து தேய்ந்தவை அல்லது சுரண்டியவை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் வகைகள் குறைகின்றன. ஆனால் பார்க்கச் சுவையானவை. 1902 பென்னியில் பிரிட்டானியாவின் பின்னால் உள்ள கடல்கோடு வழக்கமாக அவள் கால்கள் குறுக்கிடும் இடத்தில் இருக்கும். சிலவற்றில் அதற்குக் கீழே இறங்கியிருக்கும். 'வற்றுக்கடல்' வகை என்று இதற்குத் தனி விலை. ஐந்தாம் ஜார்ஜின் பென்னிகளில் பின்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் அரசனின் தலை நிழலாகத் தெரியும். முன்பக்கத் தலை பெரிதாக இருந்ததால் அடிக்கும்போது உலோகம் அதை நிரப்பவே ஓடியது. 1928இல் தலையைச் சிறிதாக்கிய பிறகுதான் அந்த நிழல் போனது. 1897 முதல் ஃபார்திங்குகளை நாணயச்சாலையே கறுப்பாக்கி வெளியிட்டது. பளபளக்கும் ஃபார்திங்கை அரை சவரன் என்று ஏமாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். கறுத்திருக்கிறது என்று இதைத் துலக்கினால் கெட்டது.

1950, 1951 பென்னிகள் பெர்முடாவுக்கு அனுப்பப்பட்டவை; முறையே 2,40,000 மற்றும் 1,20,000 மட்டும். 1967 ஆண்டிட்டவையோ 65 கோடிக்கு மேல். அந்த ஆண்டை 1970 வரை மாற்றாமலே அடித்தார்கள். வீட்டில் இருக்கும் 1967 பென்னிக்கு விலை கேட்டு அலைய வேண்டாம்.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது 1933 பென்னியில். வங்கிகளிடம் பென்னி போதுமான அளவு இருந்ததால் அந்த ஆண்டு புழக்கத்துக்கு அடிக்கத் தேவைப்படவில்லை. ஆனால் அரசர் அடிக்கல் நாட்டும் கட்டடங்களின் அடியில் அந்த ஆண்டு நாணயத் தொகுதியை வைப்பது வழக்கம். அதற்காகவும் அருங்காட்சியகங்களுக்காகவும் ஏழெட்டு மட்டும் அடிக்கப்பட்டன. லண்டன் பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடியில் ஒன்று இருக்கிறது. லீட்ஸ் அருகே ஒரு தேவாலயத்தின் அடியிலிருந்ததை 1970இல் தோண்டித் திருடிக்கொண்டு போனார்கள். இன்னொரு தேவாலயத்துக் காசையும் திருடிவிடுவார்கள் என்று சபையே எடுத்து 1972இல் ஏலத்தில் விற்றது. பிரிட்டனில் ஒரு தலைமுறையே சட்டைப் பையில் 1933ஐத் தேடியது. தேவை இருக்கும் இடத்தில் போலியும் பிறக்கும். 1935 பென்னியின் கடைசி எண்ணைச் செதுக்கி 3 ஆக்குவது ஒரு வழி. இரண்டு பென்னிகளை அரைத்து, ஒன்றின் தலைப்பக்கத்தையும் மற்றொன்றின் பின்பக்கத்தையும் ஒட்டுவது இன்னொரு வழி.

இன்றைய போலியை மடக்க நான்கு சோதனை போதும். முதலில் எடை: 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தேய்ந்த காசின் எடை குறையலாம், அதிகமாக முடியாது. அடுத்து காந்தம்: செம்பும் வெண்கலமும் ஒட்டாது, முலாம் பூசிய இரும்பு ஒட்டும். மூன்றாவது, பத்து மடங்கு லென்ஸில் விளிம்பு: வார்த்த காசில் சுற்றிலும் ஒரு கோடு ஓடும், பரப்பில் ஊசி முனை அளவுக் குழிகள் தெரியும். நான்காவது, அச்சின் திசை. விக்டோரியா செம்புப் பென்னியின் தலையை நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் பிரிட்டானியா தலைகீழாக நிற்பாள். 1860க்குப் பிந்தைய வெண்கலப் பென்னியில் நேராக இருப்பாள். போலி அடிக்கிறவர்கள் இதில்தான் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள்.

நம் ஊரில் வேறு ஒரு வகை மோசடி உலவுகிறது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று மறுபக்கம் போட்ட செம்புக் காசு. அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் விலை போகும் என்று கதை. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அது பிற்காலத்தில் விற்பனைக்குச் செய்த பொம்மை. அரிசியை இழுப்பதாகச் சொல்லி இழுக்கப்பட்டது பலருடைய சேமிப்புத்தான்.

வாங்குமுன் புத்தகம் வாங்குவது நல்லது. வெண்கலத்துக்கு மைக்கேல் ஃப்ரீமன் எழுதியது; செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் வில்சன் பெக் தொகுத்த பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பட்டியல். விற்பவர்கள் 'ஃப்ரீமன் இத்தனை', 'பெக் இத்தனை' என்று எண் சொல்லித்தான் பேசுவார்கள். தொடக்கத்துக்குக் கொண்டைப் பென்னிகளில் ஆண்டுக்கு ஒன்று, அல்லது மூன்றாம் ஜார்ஜின் கள்ள அரைப் பென்னிகளில் ஒரு டஜன். இரண்டும் கையைக் கடிக்காது, கண்ணையும் பழக்கும்.

பராமரிப்பில் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: புளி, எலுமிச்சை, பிராஸ்ஸோ எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. பழுப்பு நிறப் படலம்தான் செம்பைக் காப்பது. சேகரிப்பாளர் பணம் கொடுப்பதும் அதற்குத்தான். பச்சைக் களிம்பு தூளாக உதிர்ந்தால் அது பரவும் நோய். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். ஒட்டிய அழுக்குக்கு அசிட்டோன் போதும், அல்லது சில வாரம் ஆலிவ் எண்ணெயில் ஊறவிட்டு மெல்லிய துணியால் ஒற்றலாம். மலிவான பிவிசி ஆல்பங்கள் காசைப் பச்சையாக்கும். காகித உறையோ மைலார் உறையோ மேல். துலக்கிய பென்னியை விவரமறிந்த எந்த வியாபாரியும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்.